பாயோடு ஒட்டிய மச்சான்மார்

மட்டக்களப்பில் பிறந்தவன் யாழ்ப்பாணத்துக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது பாய்க் கதையைத்தான். எங்கள் ஊருக்கு வரும் யாழ்ப்பாணத்து ஆண்களை நாங்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டி வைத்துவிடுவோமாம். உத்தியோகத்துக்கென்று வந்த வாத்தியார்மாரும் கிளாக்கர்மாரும் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு திரும்பாமல் போனதற்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் சொல்லப்பட்ட காரணம் அது. சோறும் எருமைத் தயிரும் பிடித்துப்போய் நின்றுவிட்டார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. வீடு எரிந்திருந்தது. வவுனியாவில் தேத்தண்ணீர் ஆற்றினேன், கிளிநொச்சியில் லொறிக்கு மூட்டை ஏற்றினேன், கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வெளியே போக வழி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் உள்ளே போனேன். அதற்குக் காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அதுவரை பார்க்காத இடம் என்பதைத் தவிர.

மானிப்பாயில் ஒரு பேக்கரியில் போறணைக்கு விறகு போட்டேன். மா வராமல் பேக்கரி மூடியது. அங்கிருந்து நடந்து சண்டிலிப்பாய்க்கு வந்து, வேலியோரம் நின்ற ஒரு அக்காவிடம் வேலை இருக்கிறதா என்று கேட்டேன். வெங்காயம் நட்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் இறைப்புக்கு ஆள் தேவைப்பட்டது. இரண்டு நேரச் சோறு, புகையிலை உலர்த்தும் கொட்டிலில் படுக்கை. வெங்காயம் கிண்டி எடுக்கும் வரை நிற்கலாம் என்றா. அதைவிட நல்ல செய்தி எனக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை.

படுப்பதற்கு ஒரு பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்த அக்கா, எந்த ஊர் என்று கேட்டா. மட்டக்களப்பு என்றேன். பாயை ஒருமுறை பார்த்தா, என்னை ஒருமுறை பார்த்தா. பிறகு திரும்பி உள்ளே போய்ப் பாயை வைத்துவிட்டு, இரண்டு உரச்சாக்குகளைக் கொண்டுவந்து தந்தா.

"இது சூடாயிருக்கும் தம்பி" என்றா. அது சித்திரை மாதம்.

அக்காவின் புருசனை அத்தான் என்று கூப்பிட்டேன். அடுத்த வளவில் இருந்தவர் அக்காவின் கூடப்பிறந்த தமையன். அவரை அண்ணை என்றேன். அண்ணையின் மனைவி செத்துப்போய்விட்டா, பிள்ளைகள் வெளிநாட்டில். அத்தானுக்கும் அண்ணைக்கும் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. இரண்டு வளவுக்கும் நடுவில், வேலியை வெட்டி நின்ற கிணறு இருவருக்கும் பொது. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. மத்தியானம் அக்கா வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால், கை நுழையும் ஓட்டை அது, தமையனுக்குச் சோற்றுக் கோப்பையை நீட்டுவா. அந்த நேரம் அத்தான் வேறு பக்கம் திரும்பி மாட்டைப் பார்ப்பார். தன் வீட்டுச் சோற்றைத் தன் எதிரி சாப்பிடுவது தனக்குத் தெரியாது என்பது அவருடைய நிலைப்பாடு. யார் வீட்டுச் சோறு என்று தனக்குத் தெரியாது என்பது அண்ணையின் நிலைப்பாடு.

சண்டை வந்தது சீட்டு விளையாட்டில். அக்காவின் தகப்பன், அதாவது அத்தானின் மாமன், செத்த இரவு. செத்தவீட்டில் விடியும் வரை முழித்திருக்க முந்நூற்றுநாலு ஆடுவது அங்கே வழக்கம். நாலு பேர் ஆடுவார்கள். எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு சோடி. அத்தானும் அண்ணையும் ஊரில் அசைக்க முடியாத சோடி என்று பெயர் எடுத்தவர்கள். அன்றைக்கு அண்ணை வெல்லும் சீட்டைப் போட்டிருக்க, அதை அத்தானே துரும்புச் சீட்டால் வெட்டினார். தன் சோடியின் சீட்டைத் தானே வெட்டுவது சின்னப் பிள்ளையும் செய்யாத காரியம். அண்ணை சீட்டை எறிந்துவிட்டு, நீ மாடு மேய்க்கத்தான் சரி என்று சபையில் சொன்னார். ஏன் வெட்டினாய் என்று கேட்டவர்களுக்கு அத்தான் அன்றைக்கும் காரணம் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வெட்டினேன், அவ்வளவுதான் என்றார்.

முன்பு இருவரிடமும் தனித்தனி இறைப்பு மெசின் இருந்தது. ஆளுக்கு ஆள் முகம் பாராமல் இறைத்துவிட்டுப் போகலாம். மண்ணெண்ணெய் தடைப்பட்டதும் மெசின்களுக்குச் சாக்குப் போர்த்திவிட்டுப் பழைய துலாவுக்குத் திரும்பினார்கள். துலா இறைப்புக்கு மூன்று பேர் வேண்டும். மேலே துலா மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர், கிணற்றடியில் நின்று பட்டையால் தண்ணீரை அள்ளி ஊற்ற ஒருவர், தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர். அத்தானின் நாளில் நான் மிதிப்பேன், அவர் அள்ளுவார், அக்கா தண்ணீர் மாறுவா. அண்ணையின் நாளிலும் நான் மிதிப்பேன், அவர் அள்ளுவார், அக்கா தண்ணீர் மாறுவா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வெடுத்தவர்கள் பகைவர்கள் இருவரும்தான்.

ஓய்வெடுப்பவர் சும்மா இருப்பதில்லை. மாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டிவிட்டு அதனோடு கதைப்பார். சிலபேருக்கு வாய்க்கால் கட்டவும் தெரியாது என்று அண்ணை மாட்டுக்குச் சொல்வார். சிலபேருக்குப் பார்க்கத்தான் தெரியும் என்று அத்தான் பட்டைக்குச் சொல்வார். மாடு இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு வைக்கோல் தின்னும்.

வெங்காயம் கிண்ட இன்னும் மூன்று நாலு கிழமை இருந்தபோது துலா முறிந்தது. நான் மேலே நின்றபோதுதான். துலாவைத் தாங்கும் ஆடுகாலாக நின்ற பூவரசில் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். விலா எலும்பு ஒரு கிழமை நொந்தது. நான் இறங்கியதும் அண்ணை வந்து முறிந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். அத்தானும் வந்து பார்த்தார். என்னை ஒருவரும் தடவிப் பார்க்கவில்லை.

புதுத் துலாவுக்கு ஒரு பனை வேண்டும். ஊரில் பனைகள் எல்லாம், குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கருக்கு மூடியாகப் போய்விட்டன. மிஞ்சி நின்றது ஒன்றே ஒன்று, இரு வளவுக்கும் நடுவே எல்லை வேலியில். அது அன்றுவரை மிஞ்சியதற்குக் காரணமும் அவர்களுடைய பகைதான். ஒருவர் கோடாலி வைத்தால் மற்றவர் வழக்கு வைப்பார். இருவரும் சம்மதித்தால் ஒரு காலையில் முடிகிற வேலை. ஆனால் யார் முதலில் கேட்பது? கேட்கிறவன் தோற்றவன்.

இரண்டு நாள் போயிற்று. அக்காவும் நானும் வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்தோம். பாத்தி குடித்துவிட்டு இன்னும் கேட்டது. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. அக்கா இருவரிடமும் போய்க் கெஞ்சினா. அவன் வந்து கேட்கட்டும் என்று அத்தான் சொன்னார். அவன் வந்து கேட்கட்டும் என்று அண்ணையும் சொன்னார். பத்து வருடம் இவர்களுக்குத் தூது போய்க் கால் தேய்ந்துவிட்டது, இனி வெங்காயம் செத்தால் சாகட்டும் என்று அக்கா குசினிக்குள் போய் இருந்துவிட்டா. வெங்காயம் செத்தால் நான் சாக்கைச் சுருட்ட வேண்டும். மழைக்கு முன் வேறு இடம் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. மரக்கறி அவியலுக்குக்கூட ஆட்கள் யோசித்துச் சமைத்த காலம் அது.

அன்று பின்னேரம் அத்தான் புகையிலைக் கொட்டிலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"தம்பி, உனக்கு உது தெரியும்தானே?"

"எது?"

"உங்கடை ஊர் வேலை."

தெரியாது என்றேன். எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கோயில் தேவாரமே பாதியில் மறந்துவிடும் என்று சத்தியம் செய்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். உண்மையான மந்திரக்காரன் இப்படித்தான் மறுப்பான் என்று அவருக்கு முழுத் திருப்தி. மச்சான் தானாக வந்து பனையைத் தறிப்போம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், வேறு கெடுதல் ஒன்றும் வேண்டாம் என்றார். மனிதர் நல்லவர்.

அவர் போன பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. பின்னால் அண்ணையின் கை. அதன் பின்னால் அதே கேள்வி. மச்சான் தானாக வந்து கேட்க வேண்டும், ஆனால் அவனுடைய உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது, என்ரை தங்கச்சியின் தாலி அல்லவா என்றார். நான் மறுத்தேன். "எனக்குத் தெரியும் தம்பி, நீ சொல்லமாட்டாய்" என்று இன்னொரு சீப்பையும் தள்ளிவிட்டார்.

பழம் முழுவதையும் தின்று முடித்தபோது, தெரியாத மந்திரத்தைத் தெரியும் என்று சொல்வதுதான் எல்லாருக்கும் நல்லது என்று முடிவெடுத்திருந்தேன்.

இருவருக்கும் தனித்தனியே ஒரே விதியைச் சொன்னேன். நாளை காலை கிணற்றடியில், பூவரசின் கீழ் ஒரு பாய் விரிக்கப்படும். எதிரியை எப்படியும் அதில் வந்து இருக்க வைக்கிறேன். ஆனால் மந்திரத்துக்குச் சொந்தக்காரன் மற்றப் பாதியில், எதிரிக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். பேசக்கூடாது. எதிரி தானாகப் பேசும் வரை எழும்பக்கூடாது. முன்னதாக எழும்பினால் மந்திரம் மாறித் தன்னையே ஒட்டிவிடும். என் கணக்கு மந்திரம் அல்ல. இரண்டு மனிதர்கள் முதுகோடு முதுகு வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள் என்பதுதான்.

அக்காவிடம் பாய் கேட்டேன். எதற்கு என்று கேட்டா. சொன்னேன். சிரிப்பா என்று பார்த்தால், உள்ளே போய் வீட்டில் இருந்ததிலேயே பழைய பாயைத் தேடி எடுத்து வந்தா. ஓரம் முழுக்கப் பிய்ந்து ஓலை நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒருவேளை ஒட்டினால், புதுப் பாய் வீணாகிப்போகும்" என்றா.

காலையில் இருவரும் குளித்து, விபூதி பூசி, தோய்த்த சாரம் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டதும் இருவர் முகத்திலும் ஒரே வெற்றிச் சிரிப்பு. அகப்பட்டுவிட்டான் என்று. முதுகோடு முதுகு இருந்தார்கள். மந்திரம் ஏதாவது சொல்ல வேண்டும். சின்ன வயதில் நான் பஸ்ஸில் கச்சான் கடலை விற்றவன். மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகும் பஸ் நிற்கிற இடங்களை மூச்சு விடாமல் சொன்னேன். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம். களுவாஞ்சிக்குடியை மட்டும் மூன்று முறை சொல்லித் தண்ணீர் தெளித்தேன். அண்ணைக்கு மயிர் சிலிர்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

என் கணக்கு பிழைத்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்து பழகியவர்கள் அவர்கள். எனக்குத்தான் அலுப்பு வந்தது. வெயில் மரத்தைத் தாண்டி அவர்கள் தலைக்கு வந்தது. காகம் ஒன்று அண்ணையின் தோளுக்கு மிக அருகில் எச்சம் போட்டது. அவர் அசையவில்லை. அத்தான் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், மறுமந்திரமாக இருக்கலாம்.

அப்போதுதான் பொம்மர் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு ஊரில் கோழிகூடப் பங்கர் எங்கே என்று தெரிந்து வைத்திருந்தது. அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து, முற்றத்துப் பங்கரின் வாசலில் நின்று கூப்பிட்டா. நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் இருவரும் பாயில் அப்படியே இருக்கிறார்கள். விமானம் வட்டம் எடுத்துத் திரும்பியது. அக்கா புருசனைக் கூப்பிட்டா, தமையனைக் கூப்பிட்டா, பிறகு இருவருக்கும் பொதுவாக ஒரு வசவு விட்டா. மந்திரம் முடிந்துவிட்டது எழும்புங்கள் என்று நான் கத்தினேன். அவர்கள் நம்பவில்லை. எதிரி இன்னும் பேசவில்லையே.

கடற்கரைப் பக்கம் எங்கோ குண்டு விழுந்தது. நிலம் ஒருமுறை உதறியது. அண்ணை எழும்பப் பார்த்தார். பிய்ந்த பாயின் ஓலை அவருடைய சாரத்தில் நன்றாகக் கொளுவியிருந்தது. பாய் பின்னால் இழுத்தது. அவர் பொத்தென்று திரும்ப இருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான்" என்றார். "நான் ஒட்டிப்போனன்."

அத்தானும் எழும்பப் பார்த்தார். விடிந்ததிலிருந்து சப்பாணி கட்டி இருந்ததில் இரண்டு காலும் விறைத்துப்போய் இருந்தன. தொடையில் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"நானும்தான்ரா" என்றார்.

மற்றவர் பேசிவிட்டார் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. கையைத் தா என்று ஒருவர் கேட்டார், நீ முதல் தா என்று மற்றவர் கேட்டார். ஒருவரை ஒருவர் பிடித்து, முதுகை முதுகில் முட்டுக்கொடுத்து, ஒருவழியாக எழும்பினார்கள். அண்ணை பாயோடு எழும்பினார். இவர் நொண்ட, அவர் பின்னால் பாய் இழுபட, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தார்கள். பாய் வாழை மரத்தில் மாட்டாமல் இருக்க நான் ஓடிப்போய் அதன் வாலைப் பிடித்துக்கொண்டேன், தேருக்குப் பின்னால் போகிறவன் மாதிரி.

பங்கருக்குள் நாலு பேர் முழங்கால் இடிபட இருந்தோம். மேலே சத்தம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே நுளம்பு. பேசத் தொடங்கிய இருவரும் மறுபடி பேசாமல் ஆகிவிட்டார்கள். என்ன பேசுவது என்று தெரிய வேண்டுமே. அண்ணை இடது காதைச் சொறிந்தார்.

அத்தான் அதையே பார்த்தார்.

"உது இப்ப என்ன சைகை?"

"என்ன சைகை? நுளம்பு கடிக்குது."

அத்தான் அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அண்டைக்கும் நுளம்போ?"

அக்காவுக்கும் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது. கையைக் காதில் வைத்தபடியே இருந்தார். அசைக்க முடியாத சோடி எப்படி அசைக்க முடியாமல் இருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மூக்கைத் தொட்டால் ஒன்று, மீசையைத் தடவினால் ஒன்று, இடது காதைச் சொறிந்தால், என்னிடம் ஒன்றும் இல்லை, நீ வெட்டு. செத்தவீட்டில் அண்ணை இடது காதைச் சொறிந்தார். அத்தான் வெட்டினார். ஏன் வெட்டினாய் என்று சபையில் கேட்டபோது காரணத்தைச் சொன்னால் இத்தனை வருடம் வென்றதெல்லாம் கள்ள ஆட்டம் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் அந்த மனிதர் மாடு மேய்க்கிற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"அண்டைக்கும் நுளம்புதான்ரா மச்சான்" என்றார் அண்ணை.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"உன்னோடை கோவமெல்லோ. எப்பிடிக் கேக்கிறது?"

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த அக்கா, பொம்மரை மறந்துவிட்டா.

"அப்புவை நடுவீட்டிலை கிடத்திப்போட்டு நீங்கள் ரண்டு பேரும் கள்ள ஆட்டமோ ஆடினனீங்கள்?"

அதற்கு இருவரும் சேர்ந்து தலையைக் குனிந்தார்கள். பல வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான். அந்தத் துணிச்சலில் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு, பனையைத் தறிப்போமா என்று கேட்டார். யார் வேண்டாம் என்றது என்று அண்ணை கேட்டார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. விலா நொந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

மறுநாளே பனை விழுந்தது. துலா ஏறியது. இப்போது மரத்தில் மிதிப்பது அண்ணை, அள்ளுவது அத்தான். தண்ணீர் மாற மட்டும் ஓர் ஆள் போதும். என் வேலை போய்விட்டது என்று சாக்கைச் சுருட்டத் தொடங்கினேன். அக்கா வந்து பறித்தா. இவ்வளவு காலமும் இரண்டு பேருடைய தோட்டத்துக்கும் தண்ணீர் மாறினது நான், இனி நான் சும்மா இருக்கிறேன், நீ மாறு என்றா. முந்நூற்றுநாலில் தாங்கள் விட்ட ஆட்டங்களை எல்லாம் மச்சான்மார் மேலும் கீழுமாக நின்று திரும்ப ஆடினார்கள். வாக்குவாதம் ஏறும்போது பட்டை தண்ணீரைத் தொடாமலே மேலே வரும். நான் வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு மண்வெட்டியோடு நிற்பேன். மாடு ஒருவரும் தன்னோடு கதைக்காததால் கொஞ்சம் மெலிந்தது. ஆனாலும் வெங்காயத் தாள் பச்சைக்குத் திரும்பியது. கிண்டும் வரை நின்றேன்.

கிண்டி முடிந்ததும் கால் நிற்கவில்லை. தென்மராட்சிப் பக்கம் தேங்காய் உரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன். புறப்படுகிற காலையில் அத்தான் கொட்டிலுக்கு வந்து மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"தம்பி, போக முதல் அவனைக் கொஞ்சம் கழட்டிவிட்டுட்டுப் போ. காலமை வந்து குந்தினா எழும்பிறானில்லை. சோறும் திண்டு, பின்னேரத் தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போறான். முந்தியெண்டா பொட்டுக்காலை ஒரு கோப்பைதான்."

அவர் போனதும் பொட்டுக்குள்ளால் அண்ணையின் கை வந்தது. இந்த முறை பழம் இல்லை. தான் வீட்டுக்கு வர எழும்பினாலும் மச்சான் விடுகிறானில்லை, இன்னொரு ஆட்டம் இன்னொரு ஆட்டம் என்று சீட்டைக் கலைக்கிறான், முழுக்க வேண்டாம், அரைவாசி கழற்றினால் போதும் என்றார்.

எங்கள் ஊரில் ஒட்ட மட்டும்தான் தெரியும், கழற்றுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில்தான் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் சொன்னேன். இருவரும் அது நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

படலையடியில் அக்கா ஒரு பொதி சோறும், அந்தப் பிய்ந்த பாயைச் சுருட்டிக் கயிற்றால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டியும் தந்தா. இதை இனி வீட்டில் வைத்திருக்க ஏலாது, நீயே கொண்டுபோ என்றா. உரச்சாக்குகளைத் திரும்ப வாங்கி எண்ணி வைத்துக்கொண்டா.

அதற்கடுத்த சில மாதங்கள் கொடிகாமம் பக்கம் ஒரு தேங்காய்க் கொட்டிலில் அந்தப் பாயில்தான் படுத்தேன். ஓலை முதுகில் குத்தும். மற்றபடி, எழும்பிப் போக எனக்கு ஒருநாளும் சிரமம் இருக்கவில்லை.